செத்த காலேஜுக்குப் போய் வருவது எப்படி: முதன்முறை அருங்காட்சியகம் செல்பவருக்கு

சென்னையின் பழைய ஆட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் இருந்தது. அந்தக் 'காலேஜ்' பெயரோடு ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். 1854-இல் இப்போதிருக்கும் பாந்தியன் சாலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார்கள். பிறகு அவை தனியே பிரிந்துபோக, ஒன்று உயிர் காலேஜாகவும் மற்றது செத்த காலேஜாகவும் ஆனது.

அந்த 'செத்த' என்ற சொல் எனக்கு உறுத்தலாகவே இருக்கும். ஆனால் முதன்முறை நானும் அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன். ஆறாம் வகுப்புச் சுற்றுலா. முன்னால் போகிறவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நகரு, நகரு" என்ற அதட்டலுக்கு நடுவே முக்கால் மணி நேரத்தில் அத்தனை கூடங்களையும் முடித்தோம். நினைவில் நின்றது திமிங்கலத்தின் எலும்புக்கூடு மட்டும்.

மறுபடி அந்த வாசலுக்குள் நுழைய எனக்கு இருபது வருடம் ஆயிற்று. எழும்பூரில் ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. வெயில் தாளாமல் உள்ளே போனவன் வெண்கலக் கூடத்தில் ஓர் அம்மன் சிலையின் பின்னால் போய் நின்றேன். எங்கள் ஊர்க் கோயிலில் உற்சவ அம்மனைப் பட்டும் பூவும் மூடியபடிதான் பார்த்திருக்கிறேன். முகமும் உள்ளங்கையும் தெரிந்தாலே பெரிய விஷயம். இங்கே முதுகு தெரிந்தது. தலைக்குப் பின்னால் தாமரை போல ஒரு சிறு சக்கரம், அதன் கீழே தோள்வரை வழியும் சுருள் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, கழுத்தணி பின்கழுத்தில் வந்து சேருமிடத்தில் தொங்கும் ஒரு குஞ்சம். அலங்காரம் செய்த பிறகு இதில் எதுவும் யார் கண்ணிலும் படாது. அது தெரிந்தும் அந்த ஸ்தபதி முகத்துக்குக் கொடுத்த அதே சிரத்தையை முதுகுக்கும் கொடுத்திருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதருடைய மனசு எனக்கு அன்றைக்குப் புரிந்த மாதிரி இருந்தது. வேறு எந்தக் கூடத்துக்கும் போகாமல் ரயிலேறினேன்.

அதற்குப் பிறகு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. "ஒரு தடவை போகணும், ஆனா என்ன பார்க்கிறதுன்னு தெரியலை" என்று கேட்கும் நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எழுதுகிறேன். எழும்பூரை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

கிளம்பும் முன்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்காது. மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்தும் மெட்ரோவிலிருந்தும் நடந்தே போகிற தூரம்தான். வார நாளில் காலை திறந்ததும் போங்கள். பதினொரு மணிக்குமேல் பள்ளிப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். பிள்ளைகள் வருவது நல்லதுதான், ஆனால் முதன்முறை போகிறவருக்கு அமைதி வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடு சிலை பார்க்க முடியாது. நடந்து பழகிய செருப்பு, ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில் போதும். பேனா வேண்டாம், மை தெறிக்கும் என்பதால் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் பென்சிலைத்தான் விரும்புவார்கள். வளாகம் பெரியது, கட்டடங்களும் பல. சில கூடங்கள் புதுப்பிப்பு வேலைக்காக மூடியிருக்கலாம். ஆகவே டிக்கெட் வாங்கும்போதே "இன்னிக்கு எந்தெந்தக் கூடம் திறந்திருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். படம் எடுக்கக் கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு ஒரு கூடம்

முதல் நாள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். புதிதாக வருகிறவர்கள் அலுத்துப்போவது இதனால்தான். சிலைக்கு ஐந்து விநாடி என்று நூறு சிலைகளைப் பார்த்தால், வெளியே வரும்போது எல்லாம் ஒரே கருஞ்சிலையாகக் கலந்துவிடும். ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் மூன்று பொருட்கள். அந்த மூன்றில் ஒன்றுக்குக் கால் மணி நேரம்.

கால் மணி நேரம் ஒரே பொருளின் முன்னால் நிற்பது தொடக்கத்தில் சங்கடமாக இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் கை போனைத் தேடும். அந்த நிமிடத்தைத் தாண்டிவிட்டால் போதும், கண் தானாக வேலை செய்யத் தொடங்கும். அதுவரை 'ஒரு பழைய சிலை'யாக இருந்தது விரலாகவும் நகமாகவும் தேய்ந்த மூக்காகவும் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால் வெண்கலக் கூடத்தில் தொடங்குங்கள். உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத செல்வம் அங்கே இருக்கிறது.

வெண்கலத்தைச் சுற்றி வருவது

கோயிலில் மூலவர் கல், நகர மாட்டார். வீதியுலா போகிறவர் உற்சவர். இந்தக் கூடத்தில் நிற்கிற பலரும் அப்படி வீதிக்கு வந்தவர்கள். எனவே முகத்தைப் பார்க்கும் முன் பீடத்தைப் பாருங்கள். பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். அவற்றில் கம்பு கோத்துக் கட்டித்தான் தோளில் தூக்கிப்போனார்கள். அந்தத் துளையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் சிலை வேறு மாதிரி தெரியும். இது ஒரு தெருவைப் பார்த்திருக்கிறது, மழையில் நனைந்திருக்கிறது, ஜனங்கள் இதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வரும்.

அடுத்து முகம். சில சிலைகளில் கண்ணும் மூக்கும் மழுங்கியிருக்கும். பலமுறை பாலும் சந்தனமும் விட்டுத் துடைத்த கைகள் தேய்த்தது அது. அதை ஒரு குறையாக நான் பார்ப்பதில்லை. எத்தனை தலைமுறை வழிபட்டது என்பதை அந்தத் தேய்மானம்தான் சொல்கிறது.

பிறகு சுற்றி வாருங்கள். முன்பக்கம், வலம், முதுகு, இடம். கண்ணாடிப் பெட்டி சுவரோடு ஒட்டியிருந்தால் பக்கவாட்டில் சாய்ந்தாவது பாருங்கள். இந்தச் சிலைகளை மெழுகில் முதலில் வடித்து, வண்டல் மண் பூசி, காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அச்சு அதோடு போயிற்று. அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்க வழியே இல்லை. சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன்னால் வந்ததும் கால் மணி நேரத்தைச் செலவழியுங்கள். 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் படைப்பு. முதலில் கைகளை எண்ணுங்கள். சிவனின் பக்கம் இரண்டு, உமையின் பக்கம் ஒன்று, மொத்தம் மூன்று. நான் இதைக் கவனிக்கவே நான்கைந்து முறை போக வேண்டியிருந்தது. எண்ணிக்கை சமமில்லை, ஆனாலும் உருவம் சாயவில்லை. எப்படி? உமையின் பக்கத்து இடுப்பு வெளியே வளைந்து சிவன் பக்கத்தின் கனத்தை ஈடுகட்டுகிறது. இனி மெல்லக் கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு காலில் ஆடை தொடையோடு நிற்க, மற்றொரு காலில் கணுக்கால்வரை இறங்குகிறது. தோள் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் இறங்கியும் இருக்கிறது. இரண்டு உடலையும் வெட்டி ஒட்டிய தடம் எங்கே என்று தேடிப் பாருங்கள். நான் தேடினேன், கிடைக்கவில்லை.

அதே கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர். நாம் காலண்டரில் பார்த்த நடராசருக்குச் சுற்றிலும் திருவாசி என்ற நெருப்பு வளையம் இருக்கும், சடை இருபுறமும் விரிந்து பறக்கும். இவருக்கு இரண்டும் இல்லை. அதனால் உடல் மட்டுமே பேசுகிறது: ஊன்றிய காலின் மடங்கிய முழங்கால், தூக்கிய கால், குறுக்கே வீசிய கை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913-இல் இந்த அருங்காட்சியகத்து நடராசரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு 1921-இல் அது அச்சானது. அவர் சென்னைக்கு வந்ததே இல்லை. பாரிசில் உட்கார்ந்து புகைப்படங்களைப் பார்த்துத்தான் எழுதினார். ஒவ்வொரு கோணத்திலும் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கலைஞர் உருகியிருக்கிறார். நமக்கு அந்தச் சிலை ஒரு மெட்ரோ டிக்கெட் தூரத்தில் நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

விளக்கப் பலகையை எப்போது படிப்பது

முதலில் படிக்காதீர்கள். முதலில் கண், பிறகு பலகை, மறுபடியும் கண். பெயரைப் படித்துவிட்டால் 'ஓ, பார்வதியா' என்று மனம் முடிவுகட்டி அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடும்.

படிக்கும்போது காலத்தைவிடக் கிடைத்த ஊரைக் கவனியுங்கள். உங்கள் தாலுகாவின் பெயர் அங்கே இருக்கலாம். சில இடங்களில் 'புதையல்' என்றும் இருக்கும். படையெடுப்புக் காலங்களில் கோயில்காரர்கள் உற்சவரைக் காப்பாற்ற மண்ணுக்குள் புதைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்பி வராமலே போன ஊர்கள் உண்டு. நூற்றாண்டுகள் கழித்து யாரோ வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது மண்வெட்டியில் 'டணார்' என்று படும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணிலிருந்து கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படிக் கலெக்டர் வழியாக இங்கு வந்து சேர்ந்தவை ஏராளம். 'புதையல்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

கல்லில் கதை படிப்பது

இன்னொரு நாள் அமராவதிச் சிற்பங்களுக்குப் போங்கள். ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரும் பௌத்தத் தூபியின் கற்கள் இவை. 1845-இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே தோண்டி எடுத்தவற்றில் ஒரு பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறி, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே தூபியின் கற்கள் இரண்டு கண்டங்களில் கிடக்கின்றன.

இங்கே ஒரு வட்டப் பலகையைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மதம் பிடித்த நளகிரி என்ற யானையைப் புத்தர் அடக்கிய கதை அதில் இருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் அதே யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் தெருவில் வெறிகொண்டு ஒரு மனிதனைத் துதிக்கையால் இழுக்கிறது. மறுபக்கம் புத்தரின் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறது. நடுவில் எந்தக் கோடும் இல்லை. காமிக்ஸ் கட்டங்களில் பழகிய நம் கண் முதலில் தடுமாறும். விரலைக் காற்றில் வைத்து யானையின் ஓட்டத்தைத் தொடருங்கள், கதை ஓட ஆரம்பிக்கும். பிறகு மேலே பாருங்கள். மாடிச் சாளரங்களிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கீழே ஒரு பெண் பயந்து பக்கத்தில் இருப்பவரோடு ஒட்டிக்கொள்கிறாள். தெருவில் சண்டை என்றால் நம் பால்கனிகளில் என்ன நடக்குமோ அதுவே 2-ஆம் நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது.

புடைப்புச் சிற்பங்களுக்குப் பக்கவாட்டு வெளிச்சம்தான் நல்லது. நேரே நின்று சரியாகத் தெரியாவிட்டால் இரண்டடி ஓரமாக நகருங்கள்; நிழல் விழுந்து உருவம் எழுந்துவரும்.

சின்னப் பொருட்களுக்குக் கை வேண்டும்

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கல் இருக்கும். எல்லாரும் தாண்டிப் போவார்கள். கற்கோடரி. 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அப்படி ஒரு கல்லைக் கண்டெடுத்தார்; இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அன்றுதான் கையில் சான்று கிடைத்தது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றை 1904-இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த இதே வகைக் கற்கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள்வரை போகிறது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

எண்ணைக் கேட்டால் தலை சுற்றும், மனசில் ஒட்டாது. நான் என்ன செய்வேன் என்றால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி அந்தக் கல்லைப் பிடிப்பதுபோல விரல்களை மடக்குவேன். அடி உருண்டை உள்ளங்கைக்குள் அமரும், கட்டைவிரல் ஒரு பள்ளத்தில் போய் நிற்கும், கூர்முனை முன்னால் நீளும். அப்படி வைத்துப் பார்த்தால் அந்தக் கல்லில் சில்லுகளைத் தட்டி எடுத்தவருக்கும் இதேபோல ஒரு கை இருந்தது என்பது தோளில் உறைக்கும். அக்கம்பக்கத்தில் யாராவது வேடிக்கை பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆதிச்சநல்லூர்ப் பொருட்களுக்கும் இதையே செய்யுங்கள். தாமிரபரணிக் கரையில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் தோண்டி எடுத்தவை: இறந்தவர்களைப் புதைத்த பெரிய ஈமத்தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள். சில பாத்திரங்களில் நெல் உமியும் துணித்துணுக்கும் கூட அவருக்குக் கிடைத்தன. நெற்றிப்பட்டத்தைப் பார்க்கும்போது அது இறந்தவரின் நெற்றிக்குப் போட்டது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் தன் வீட்டு மனிதருக்கு அதைக் கட்டி, சோறும் துணியும் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறார். பிணத்தின் வாயில் வாய்க்கரிசி போடுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொடாதீர்கள்

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் கை வியர்வையில் உப்பு இருக்கிறது. நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த வெண்கலத்தில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும். ஈரம் பட்டால் அது வெளிறிய பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும். எழும்பூரில் 1930-களிலேயே இதற்கென்று ரசாயனக் கூடம் அமைத்து, மின்சாரத்தைச் செலுத்தி அந்தக் களிம்பை நீக்கிச் சிலைகளைக் காப்பாற்றினார்கள். அவ்வளவு பாடுபட்டு மீட்டதை நாம் தடவிப் பார்த்து அழிக்கக் கூடாது. ஃப்ளாஷும் வேண்டாம். சிலைக்கு முன்னால் காசு வைப்பதும் குங்குமம் தூவுவதும் வேண்டாம். கும்பிடத் தோன்றினால் கும்பிடுங்கள்; நானும் கும்பிடுவேன்.

குழந்தைகளோடு போனால்

ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பாடம் நடத்த வேண்டாம். "மூணு கை இருக்கிற சாமி எங்க இருக்கு, கண்டுபிடி பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுங்கள். கண்டுபிடித்ததும் நோட்டையும் பென்சிலையும் கொடுத்துத் தரையில் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். படம் எப்படி வந்தாலும் சரி. வரைகிற கை பார்க்கிற கண்ணை விடாப்பிடியாக நிறுத்தும். பெரியவர்களுக்கும் இது பலிக்கும். முடிவில் திமிங்கலத்தைக் காட்டுங்கள், அது எந்தத் தலைமுறையையும் ஏமாற்றியதில்லை.

கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஊழியரிடமும் பேச்சுக் கொடுங்கள். "சார், உங்களுக்கு இதுல எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தினமும் எட்டு மணி நேரம் இந்தப் பொருட்களோடு இருப்பவர் அவர். எந்த நேரத்தில் எந்தச் சன்னல் வெளிச்சம் எந்த முகத்தில் விழும் என்று எனக்குச் சொன்னது அப்படி ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று இரவே, பார்த்த மூன்று பொருட்களையும் படத்தைப் பார்க்காமல் நாலு வரி எழுதிவையுங்கள். எங்கே நினைவு தடுக்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது நேரே அதைப் பார்க்கலாம்.

எழும்பூர் பழகியதும் வெளியூர் கிளம்புங்கள். சிவகங்கை மாவட்டத்தில் கீழடி அருங்காட்சியகத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள். பானையோட்டில் கீறிய 'ஆதன்' என்ற பெயரை நேரில் படிப்பதற்காகவே போகலாம். அரசரின் பெயரைப் பொறித்த கல்வெட்டுகளையே படித்துப் பழகிய கண்ணுக்கு, தன் பானையில் தன் பெயரைக் கீறிவைத்த ஒரு சாதாரண ஆள் கிடைப்பார்.

தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் போங்கள். எழும்பூர் அர்த்தநாரி வந்த அதே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் அங்கே இருக்கிறார். 1011-இல், ராஜராஜன் காலத்தில் செய்தது. பாம்புகளைச் சுற்றித் தலைப்பாகை போலக் கட்டிய சடை, ஒரு காலைக் குறுக்கே போட்டுச் சாவகாசமாக நிற்கும் நிலை. வலக்கை பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் ஊன்றியிருக்கிறது, ஆனால் காளை இல்லை, அது கிடைக்கவில்லை. அந்தக் கைக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தையே கொஞ்ச நேரம் பாருங்கள். காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று உங்களால் சொல்ல முடியும்.